குளிர் ஆகாது

"நிறுத்து, நிறுத்து!" என்று சேட்டு கத்தினான்.

குப்பம்மா சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். தட்டுக் கழுவும் மிஷின் ஒரு குலுக்குக் குலுங்கி நின்றது. அதற்கு அடியிலிருந்து வந்த தண்ணீர் மட்டும் நிற்கவில்லை. சமையல்கட்டின் சிமெண்டுத் தரையில் பரவி, பின்வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற செல்லியின் கால்வரை வந்தது. அவள் காலை நகர்த்தவில்லை.

சேட்டு குந்தி உட்கார்ந்து தண்ணீரை விரலால் தொட்டு மோந்து பார்த்தான்.

"இன்னா மோந்து பாக்குறே? கொழம்பா அது?" என்றாள் செல்லி.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. சேட்டு வேலூர்க்காரன். பம்புசெட்டு, மாவு மிஷின், சினிமாக் கொட்டகை மோட்டார் என்று எது படுத்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். பாத்திரம் கழுவும் மிஷின் ஒன்றை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறான். அது யாருக்கும் தெரியக்கூடாது என்பதில் கவனமாக இருந்தான். காலை பஸ்ஸில் மலையேறி வந்ததில் அவன் காது அடைத்திருந்தது. குளிருக்கு ஒரு துண்டைத் தலையைச் சுற்றிக் கட்டியிருந்தான்.

"எங்க வூட்லயும் இந்த மாதிரி ஒண்ணு கீது சார்" என்று மேனேஜரிடம் சொன்னான். "பொண்டாட்டின்னு பேரு."

மேனேஜர் பஞ்சாட்சரம் சிரித்தார்.

"அது வுட்டுட்டு ஓடிட்டா எவனை ரிப்பேருக்குக் கூப்புடுவே?" என்றாள் செல்லி.

குப்பம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். செல்லி அவளுக்கு அண்ணி, செத்துப்போன அண்ணனின் மனைவி. அண்ணியின் பேச்சுக்குச் சிரிப்பதில்லை என்று அவள் பல வருடங்களாக வைத்திருந்தாள்.

அது மலைமேல் இருந்த ஒரு காசநோய் ஆஸ்பத்திரி. நோயாளிகள் தின்ற தட்டையும் குடித்த டம்ளரையும் செல்லிதான் கழுவி வந்தாள். ஊரில் வேறு யாரும் அந்தத் தட்டுகளைத் தொட வராத காலத்தில் வந்தவள். போன மழைக்காலத்தில், வெளிநாட்டிலிருந்து ஏதோ ஒரு சபையார், தாங்கள் உபயோகித்துக் கழித்த மிஷினைக் கப்பலில் அனுப்பினார்கள். கொதிக்கிற தண்ணீரில் கழுவினால் கிருமி சாகும் என்று பெரிய சிஸ்டர் கேட்டு வாங்கியது. லாரியில் கட்டி மலை ஏற்றினார்கள். எருமைக் கன்று உயரத்தில் ஓர் இரும்புப் பெட்டி, நான்கு குட்டைக் கால்கள், கால்களுக்கு நடுவில் ஒரு சாண் இடைவெளி. ஓட்டுவதற்குக் குப்பம்மாவைப் போட்டார்கள். அவளுக்கு எண் படிக்கத் தெரியும்.

பொங்கல் வரைக்கும் இரண்டு பேரும் இருக்கட்டும் என்பது சிஸ்டரின் முடிவு. அதற்குள் மிஷின் ஒழுங்காக ஓடினால் செல்லி போகவேண்டியதுதான். ஓடாவிட்டால் அதை ஓரங்கட்டிவிட்டுச் செல்லியே பழையபடி கழுவுவாள். பொங்கல் அடுத்த வாரம். மிஷின் ஒழுகியது போன வெள்ளிக்கிழமை. ஆகவே, ஒழுகியதும் எல்லோரும் முதலில் மிஷினைப் பார்க்கவில்லை, செல்லியைத்தான் பார்த்தார்கள்.

செல்லியும் அவர்களைத் திருப்பிப் பார்த்தாள். அவளைப் பற்றி நல்லதாகச் சொல்ல அந்த ஆஸ்பத்திரியில் ஆள் கிடையாது. வார்டில் தட்டு எடுக்கப் போனால், மீதி வைத்திருப்பவனைத் திட்டாமல் வரமாட்டாள். "திங்கத் துப்பில்லாதவன் எதுக்குடா கையை நீட்டி வாங்கினே?" சாகக் கிடப்பவனையும் இப்படித்தான் கேட்பாள். அவளுக்குப் பயந்தே சிலர் களியை முழுங்கினார்கள். கழுவிய தட்டை முகத்துக்கு நேரே பிடித்துச் சாய்த்துப் பார்ப்பாள். பருக்கை இருந்தால் மறுபடி சாம்பலைப் போடுவாள். அது நோயாளிகள்மேல் இருந்த அக்கறையால் அல்ல. யாராவது குறை சொல்லிவிட்டால் பதில் சொல்லும் இடத்தில் தான் நிற்கக்கூடாது என்பதற்காக.

சேட்டு மிஷினின் கதவைத் திறந்து மூடினான். கதவு ஓரத்து ரப்பரில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பார்த்தான். காகிதம் வரவில்லை. ஒழுகுவது கதவு வழியாக இல்லை என்று தெரிந்தது. பழைய பேப்பரைத் தரையில் விரித்து மிஷினுக்கு அடியில் தள்ளினான்.

"இப்ப போடும்மா. நான் சொல்றப்ப நிறுத்து."

மிஷின் உறுமியது. சேட்டு தரையோடு தரையாகக் கன்னத்தை வைத்துப் பார்த்தான். பேப்பரின் நடுவில் ஒரு ஈரம் தோன்றிப் பெரிதாயிற்று.

"போதும். பின்னாடி இல்லே, பக்கத்துல இல்லே, நடுவுல வுடுது. அடிக் கொழாயி."

"நான்தான் சொன்னேனே" என்றார் பஞ்சாட்சரம். "அறுத்துட்டா."

"யாரு அறுத்தது?" என்றாள் செல்லி.

"நான் உம் பேரைச் சொன்னனா?"

"பேரு சொல்லாம பேசுறதுக்கு நான் இன்னா உம் பொண்டாட்டியா?"

பஞ்சாட்சரம் மலைக்குக் கீழே படவேட்டுக்காரர். மலைக்கு வேலைக்கு வந்ததைத் தண்டனையாக நினைப்பவர். மலைக்காரிகள் தன்னை நீ என்பதை அவரால் தாங்க முடிந்ததில்லை. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது பெரிய சிஸ்டர் உள்ளே வந்தார். உயரமான, வெளிறிய பெண்மணி. இந்த நாட்டுக்கு வருவதற்கு முன்பே தமிழைப் புத்தகத்தில் படித்துக்கொண்டவர். இருபது வருடமாகியும் அவர் பேச்சு புத்தகத்தை விட்டு இறங்கவில்லை.

"கோளாறு எங்கே இருக்கிறது என்று தெரிந்ததா?"

"தெரிஞ்சுகினே கீது மேடம்" என்று எழுந்து நின்றான் சேட்டு.

முன்பக்கத்தில் அடியில் இருந்த தகட்டைக் கழற்றினான். ஒரு சாக்கை விரித்து அதில் மல்லாந்து படுத்து, தலையை உள்ளே நுழைத்து டார்ச் அடித்தான். வயிறு மட்டும் வெளியே தெரிந்தது.

"ரப்பர் கொழாயி பொளந்துட்டு கீது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "கைநீளத்துக்குப் பொளந்திருக்கு."

"கத்திதானே?" என்றார் பஞ்சாட்சரம்.

"கத்தின்னா கோடு போட்ட மாதிரி இருக்கும் சார். இது அப்டி இல்லே."

சிஸ்டர் தலையை ஆட்டினார். "நான் நினைத்தேன். இது குளிரினால் ஆனது. எங்கள் ஊரில் குளிர்காலத்தில் குழாய்கள் வெடிக்கும். ரப்பர் கல்லைப்போல் ஆகிவிடும்."

அந்த மாதம் மலையில் யாரும் பார்த்திராத குளிர். விடிகாலையில் கொள்ளுக் காட்டின்மேல் உப்புத் தூவியது போல வெள்ளையாகப் படிந்திருந்தது. சிஸ்டரின் வராந்தாவில் தொங்கிய தெர்மாமீட்டரைப் பார்க்க, நடக்க முடிந்த நோயாளிகள் கம்பளியோடு வந்து போனார்கள். வார்டில் இரண்டு பேர் செத்தார்கள். அவர்கள் எப்படியும் சாகிறவர்கள்தான் என்று பஞ்சாட்சரம் சொன்னார்.

சேட்டு வெளியே தலையை எடுத்தான். குளிர் என்று சொல்லிவிட்டால் சண்டையில்லை, மத்தியான பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

"ஆமா மேடம். குளிருதான். வேற இன்னா கீது."

செல்லி கட்டியிருந்த கையை அவிழ்த்தாள். அது ஒன்றுதான் அவளிடம் தெரிந்த மாறுதல். குளிர் என்றால் யார் தலையிலும் விழாது. குளிருக்கு ஒழுகுகிற மிஷின் இந்த மலைக்குச் சரிப்படாது. ஒவ்வொரு மார்கழிக்கும் வேலூரிலிருந்து ஆள் வரவழைக்க ஆஸ்பத்திரியால் முடியாது. அவள் கழுவுவாள். சமையல்கட்டுக்குப் பின்னால் அவளுக்கு விட்டிருந்த அறையும் அவளிடமே இருக்கும்.

சிஸ்டர் பஞ்சாட்சரத்திடம் திரும்பினார். "ஆனால் நான் உங்களிடம் சொன்னேன். இயந்திரத்துக்குக் குளிர் ஆகாது, மாலையில் அதிலுள்ள தண்ணீரை முழுவதும் வடித்துவிட வேண்டும் என்று. வடித்தீர்களா?"

பஞ்சாட்சரம் இரண்டு பெண்களையும் கையால் காட்டினார். "இவங்ககிட்டே சொல்லிட்டேனே சிஸ்டர். ரெண்டு பேருகிட்டேயும்."

"வடிக்கச் சொல்லலியே" என்றாள் குப்பம்மா. "மிஷினுக்குக் குளிர் ஆகாதாம், பாத்துக்கங்கன்னுதான் சொன்னீங்க. சொல்லிட்டு டீ குடிக்கப் போய்ட்டீங்க."

"சொன்னேன்டி."

"வடிக்கச் சொல்லலே."

அவர் அதைச் சொல்லவில்லை. சிஸ்டரின் வாக்கியத்தில் முன்பாதி மட்டும்தான் அவருக்கு ஞாபகம் இருந்தது. சிஸ்டர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பஞ்சாட்சரம் திடீரென்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டியிட்டார். மிஷினுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். தண்ணீர் இருந்ததா இல்லையா என்பதைவிட, தன் பக்கத்திலிருந்து பேச்சை வேறு பக்கம் தள்ளுவதற்கு ஏதாவது அகப்படுமா என்று தேடுவது போலத்தான் இருந்தது.

கை வெளியே வந்தபோது விரல்கள் கறுப்பாக இருந்தன.

"இது இன்னா?"

சேட்டு அந்த விரல்களைப் பார்த்தான். மறுபடி படுத்து உள்ளே போனான். டார்ச் வெளிச்சம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அலைந்தது.

"அட, கரி. தகடு பூரா கரி படிஞ்சிருக்கு." கொஞ்ச நேரம் கழித்து, "கொழாயோட அடிப்பக்கம் அப்பளம் மாதிரி பொரிஞ்சு போயிருக்கு. கீழ நெருப்பு வெச்சிருக்காங்க மேடம். சூட்டுல எளகிக் கெடந்திருக்கு. காலையில வெந்நி பாய்ஞ்சதும் பொளந்துகிச்சு. குளிரும் இல்லே, மயிரும்..." என்றவன் சிஸ்டரை நினைத்து நிறுத்திக்கொண்டான்.

"பாத்தீங்களா சிஸ்டர்?" பஞ்சாட்சரம் எழுந்தார். குரல் பலமாக வந்தது. "கொளுத்தப் பாத்திருக்கா. ஆஸ்பத்திரியையே கொளுத்தப் பாத்திருக்கா. குப்பம்மா சாயந்திரமே வூட்டுக்குப் போயிடறா. இங்க படுக்கறவ இவ ஒருத்திதான்."

அது உண்மை. வியாழக்கிழமை சாயந்திரம் செல்லிதான் நெருப்பு வைத்தாள்.

மேனேஜர் சொல்லிவிட்டுப் போனதும் குப்பம்மாவும் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு ஊருக்கு இறங்கிவிட்டாள். மிஷினும் செல்லியும்தான் மிச்சம். குளிர் ஆகாது என்றால் செய்ய வேண்டியது ஒன்றுதான் என்று அந்த மலையில் பிறந்த யாருக்கும் தெரியும். பிள்ளை பெற்றவளுக்குக் குளிர் ஆகாது. ஈன்ற மாட்டுக்குக் குளிர் ஆகாது. கயிற்றுக் கட்டிலுக்கு அடியிலோ, பாய்க்குப் பக்கத்திலோ, கொட்டிலிலோ, மண்சட்டியில் கங்கு போட்டு வைப்பார்கள். அதன்மேல் நொச்சித் தழையைக் கிள்ளிப் போட்டுப் புகை மூட்டம் போடுவார்கள். சாகக் கிடக்கிற உயிரும் தங்கும் என்பார்கள். மிஷின் கெட்டால் பழி தன்மேல்தான் வரும் என்று செல்லிக்குத் தெரியும். கெட்டுப்போகட்டும் என்று விட்டால் வேலை தங்கும் என்பதும் தெரியும். இரண்டையும் எவ்வளவு நேரம் யோசித்தாள் என்று சொல்ல முடியாது. அடுப்பிலிருந்து கங்கை அள்ளிச் சட்டியில் போட்டாள். வேலிக்குப் போய் நொச்சி ஒடித்து வந்தாள். மிஷினைத் திட்டிக்கொண்டே அதற்கு அடியில் சட்டியைத் தள்ளினாள். விடிந்ததும் சட்டியை எடுத்துவிட்டாள்.

இதைச் சொன்னால் போதும். மேனேஜர் குளிர் ஆகாது என்றார், அதனால் கங்கு வைத்தேன். சிரிப்பார்கள். சேட்டு இதை வேலூர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பான். ஆனால் சிஸ்டர் வேலையை எடுக்கமாட்டார். தவறு மேனேஜருடையது என்றாகும். செல்லி வாயைத் திறந்தாள்.

அப்போது குப்பம்மா குனிந்தாள். மிஷின் காலோரம் ஈரத்தில் ஒட்டியிருந்த எதையோ எடுத்தாள். பாதி கருகிய ஒரு காம்பு. இரண்டு இலை இன்னும் அதில் இருந்தது. மூக்கருகே வைத்துப் பார்த்தாள். பிறகு செல்லியைப் பார்த்தாள்.

குப்பம்மாவின் கல்யாணத்துக்கு அடுத்த வருடம் அவள் பிரசவத்துக்கு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். அம்மா இல்லாதவளுக்கு அதுதான் தாய் வீடு. அதுவும் மார்கழி. அண்ணன் வேடியப்பனுக்கு அப்போது சாமை அறுப்பில் ரத்தம் கக்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லாமல் ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அனுப்பும்போது சிஸ்டர் செல்லியிடம் சொன்னது ஒரே வார்த்தை. "புகை ஆகாது."

வீடு ஒரே அறை. ஒரு மூலையில் வேடியப்பன், இன்னொரு மூலையில் பிள்ளை பெற்ற குப்பம்மா. பக்கத்து வீட்டுக்காரிகள் வந்து கங்கு வைத்து நொச்சி போட்டுவிட்டுப் போனார்கள். புகை எழுந்தது. வேடியப்பன் இருமினான். இருமல் நிற்காமல் ரத்தமாக வந்தது. செல்லி சட்டியை எடுத்து வெளியே வைத்தாள். குப்பம்மா கேட்டாள். பிறகு கெஞ்சினாள். செல்லி சட்டியை உள்ளே கொண்டுவரவில்லை. தன் சேலையையும் சாக்கையும் எடுத்துப் போர்த்திவிட்டாள். மூன்றாம் நாள் குழந்தை விறைத்துக் கிடந்தது. அந்த மாதம் முடிவதற்குள் வேடியப்பனும் போனான்.

செல்லி அதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. உன் அண்ணனுக்காகத்தான் எடுத்தேன் என்று நாத்தனாரிடம்கூடச் சொன்னதில்லை. சொல்லவேண்டியதில்லை, அவள் அதே அறையில் படுத்திருந்தவள். குப்பம்மாவுக்கு அதற்குப் பிறகு பிள்ளை இல்லை. பல வருடங்களாக இருவரும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை செய்தார்கள். ஒருத்தி தட்டு, ஒருத்தி துணி. மிஷின் வந்ததும் ஒரே அறைக்கு வந்தார்கள். வேலைக்கு வேண்டியது மட்டும் பேசிக்கொண்டார்கள். மிஷினின் பொத்தானைக் காட்டி ஒருநாள் குப்பம்மா சொன்னாள்: "இதைத் தொட்டுறாதே அண்ணி. நீ தொட்டது எதுவும் வெளங்காது."

இப்போது அவள் கையில் அந்தக் காம்பு இருந்தது.

"இது நொச்சி" என்றாள் குப்பம்மா. மெதுவாகத்தான் சொன்னாள்.

"நொச்சியா இருந்தா இன்னா, புளியா இருந்தா இன்னா" என்றார் பஞ்சாட்சரம். "எரிச்சதுதானே?"

"இல்லே மேனேஜரு. நொச்சியை யாரும் கொளுத்துறதுக்குப் போடமாட்டாங்க. நொச்சி போடறது..."

"ஆமா" என்றாள் செல்லி.

சத்தமாகச் சொன்னாள். சேட்டு சாக்கிலிருந்து எழுந்து உட்கார்ந்தான்.

"ஆமா. நான்தான் வெச்சேன். எரிஞ்சு போவட்டும்னுதான் வெச்சேன்."

சிஸ்டர் அருகில் வந்தார். "செல்லி, யோசித்துப் பேசு. நீ இதை அழிப்பதற்காகவா செய்தாய்?"

"அழிக்கத்தான். கொஞ்சுறதுக்கா நெருப்பு வெப்பாங்க? இது வந்த நாள்லேர்ந்து எனக்கு ஆவலே. உங்களுக்கும் என்னை ஆவலே. இன்னா இப்போ?"

"உள்ளே நோயாளிகள் படுத்திருந்தார்கள்."

"படுத்திருந்தா? எப்படியும் சாவுறவங்கதான்னு மேனேஜரு சொன்னாரே."

சிஸ்டரின் முகம் சிவந்தது. பஞ்சாட்சரம் தரையைப் பார்த்தார். சேட்டு, "நம்பளுக்கு எதுக்கு" என்று முனகிக்கொண்டே ஸ்பேனரைத் துடைத்தான்.

"நீ நாளை காலை போய்விடு" என்றார் சிஸ்டர். "போலீசுக்குச் சொல்ல நான் விரும்பவில்லை." தன் மேஜைக்குப் போகிறவர் போல நேராக நடந்து வெளியே போனார். பஞ்சாட்சரம் பின்னாலேயே போனார். மிஷினைப் பற்றி ஏதோ விளக்கிக்கொண்டு போவது கேட்டது.

சேட்டு குழாயை வெட்டி எடுத்துப் பைக்குள் போட்டான். இந்தச் சைஸ் வேலூரில் கிடைக்காது, மெட்ராசில் பார்க்கவேண்டும், அங்கேயும் கிடைக்காது என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னான். பின்வாசல் வழியாகப் போகும்போது செல்லிக்கு எதிரில் ஒரு நிமிடம் நின்றான்.

"குளிருன்னு சொல்லி முடிச்சிருந்தேனேம்மா. ஒத்துக்காம சும்மா இருந்திருக்கக்கூடாதா?"

"பஸ்ஸு போயிடும். போ."

அவன் போனான்.

குப்பம்மா காம்பைக் கீழே போட்டுவிட்டுத் தரையைத் துடைக்க ஆரம்பித்தாள். சாக்கைப் பிழிந்து வாளியில் விட்டாள். செல்லி அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

"எனக்கு எடுத்தே" என்றாள் குப்பம்மா, நிமிராமல். "இதுக்கு வெச்சிருக்கே. தழை வேற ஒடிச்சுப் போட்டிருக்கே."

"வாயை மூடிகினு தொடை."

"சிஸ்டருகிட்டே போய்ச் சொல்லவா? மிஷினுக்கு மூட்டம் போட்டா எங்க அண்ணின்னு. பிள்ளை பெத்தவளுக்குப் பாக்குற மாதிரி பாத்தான்னு. வேலை நிக்கும்."

"சொன்னே, நாக்கை அறுத்துடுவேன்."

குப்பம்மா சாக்கைத் தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண் காய்ந்திருந்தது.

"சொல்லமாட்டேன். பயப்படாதே. உனக்கு நல்லது நடக்குற மாதிரி ஒரு வார்த்தை எங்கிட்டேயிருந்து வராது."

"வரவேணாம்."

"காப்பாத்தப் பாத்தேன்னு சொல்லாம, கொளுத்துனேன்னு ஒத்துக்கறியே. அவ்ளோ வெக்கமா இருக்குதா?"

செல்லி தரையில் கிடந்த நொச்சிக் காம்பைக் காலால் சாக்கடைப் பக்கம் தள்ளினாள். அது போகாமல் ஈரத்தில் ஒட்டிக்கொண்டது. மறுபடி தள்ளினாள். பிறகு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கங்கு வைத்த சட்டி அங்கே மூலையில் கவிழ்ந்திருந்தது. அதை வெளியே கொண்டுவந்து சுவரில் அடித்து உடைத்தாள். உடைகிற சத்தம் குப்பம்மாவுக்குக் கேட்டது. அவள் துடைப்பதை நிறுத்தவில்லை.

மறுநாள் காலை செல்லி மலைக்குக் கீழே அமிர்திப் பக்கம் போனாள். அங்கே காட்டிலாகாவின் நாற்றங்காலில் ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஒரு மூட்டை, ஒரு கம்பளி. பஸ் வரவில்லை, நடந்து இறங்கினாள். பஞ்சாட்சரம் அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். மிஷினை நான்கு பேர் தூக்கி விறகுக் கொட்டகையில் வைத்தார்கள். அதன்மேல் ராகிச் சாக்குகளை அடுக்கினார்கள். குப்பம்மா கிணற்றடியில் உட்கார்ந்து தட்டுக் கழுவினாள். சாம்பல் போட்டாள். தண்ணீர் குளிர்ந்திருந்ததால் அடிக்கடி கையை அக்குளில் வைத்துக்கொண்டாள். மத்தியானம் வார்டில் ஒருவர் தட்டில் பருக்கை ஒட்டியிருக்கிறது என்று திருப்பி அனுப்பினார். அவள் மறுபடி கழுவிக் கொடுத்தாள். சாயந்திரம் குளிர் கொஞ்சம் குறைந்திருந்தது.